டோல் இல்லாத பாதை

அத்தியாயம் 17

மறுநாள் பாப்பாவுக்கு முதல் மொட்டை. மேலூருக்கு அந்தப் பக்கம், கண்மாய்க்கரையில் இருக்கும் கருப்பு கோவிலில். ஆட்டுக்கு அச்சாரம் கொடுத்தாயிற்று. சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று. திருச்சியிலிருந்து மாமனாரும் மாமியாரும் மச்சானும் வந்து இறங்கியாயிற்று. வாடகைக் கார் எடுப்பது ஒன்றுதான் பாக்கி.

கார் எடுக்க வேண்டியது சாயங்காலம் நாலு மணிக்கு. நம் சூரியபிரகாஷோ காலை ஒன்பது மணியிலிருந்தே போனும் கையுமாக உட்கார்ந்திருந்தான். சிக்னல் இல்லாவிட்டாலும் வழி காட்டட்டும் என்று மதுரை, மேலூர் வரைபடத்தை இறக்கி வைத்தான். கோவில் வாசலுக்குக் குறி போட்டான். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இன்னொரு காரியமும் செய்தான்.

'டோல் வேண்டாம்' என்ற பொத்தானைத் தட்டினான்.

நீலக்கோடு நாலுவழிச்சாலையை விட்டுவிட்டு, ஒத்தக்கடையில் திரும்பி, திருவாதவூர் வயல்களுக்குள் புகுந்து, எங்கெங்கோ வளைந்து மேலூர் போய்ச் சேர்ந்தது. இருபத்தெட்டு நிமிடம் கூடுதல். சூரியாவுக்கு அப்பாடா என்றிருந்தது.

"அம்புட்டு தூரம் சுத்தியா போகப் போறோம்?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. அஸ்வினி, இடுப்பில் பாப்பாவோடு நின்றிருந்தாள்.

"டோல்ல கூட்டமா இருக்கும்."

"வியாழன், வெள்ளியில என்ன கூட்டம்?"

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. காரணம் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள் அவள்.

இந்த வாரம் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக அந்தக் காரணத்தை நானே சொல்லிவிடுகிறேன். சூரியாவின் அக்கா செல்லத்தாய்க்கு அந்த டோலில்தான் வேலை. மூன்றாவது லேன் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, ஃபாஸ்டேக் படிக்காத வண்டிகளிடம் காசு வாங்கிச் சீட்டுக் கொடுப்பவள் அவள். ஏழு வருடமாக இந்த வேலைதான். அதற்கு முன்னால் கீழவாசல் ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றவள். அப்பா போனபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. காலேஜை விட்டவள் திரும்பப் போகவில்லை. சூரியா இன்ஜினியரிங் படித்தான். அவளுக்கு வந்த வரன்கள் எல்லாம் 'தம்பி படிப்பு முடியட்டும்' என்று தள்ளிப்போய், பிறகு வராமலே போய்விட்டன.

பெண் பார்க்கப் போனபோது அஸ்வினி வீட்டில், "உங்க அக்கா என்ன பண்றாங்க?" என்று கேட்டார்கள். சூரியா சற்றும் யோசிக்காமல் சொன்னான்: "கேஷியரா இருக்காங்க."

பொய் இல்லை என்று அன்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லத்தாய் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், "அப்படியே இருக்கட்டும்டா. ஒனக்கு நல்லது நடந்தாச் சரி" என்று மட்டும் சொன்னாள். கல்யாணமாகி ஆறு மாதத்தில் அஸ்வினிக்கு உண்மை தெரிந்தது. அவளுடைய அப்பா அம்மாவுக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

பத்து மணிக்கு அக்காவே போன் செய்தாள். சூரியா மொட்டைமாடிக்கு ஓடினான்.

"தம்பி, லீவு கெடைக்கலடா. மாசக் கடைசி, ஆள் இல்லைங்கிறாக. ஆனா ஒண்ணு பண்ணிட்டேன். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு மேல எனக்குப் பதிலா ஆன்மேரி உக்காருறேன்னுச்சு. அதுக்கு ஈடா இன்னைக்கு அவ சாயங்கால ஷிப்ட்ட நான் பாக்குறேன்."

"சரிக்கா."

"எட்டேகாலுக்கெல்லாம் சேலை மாத்திக்கிட்டு டோலத் தாண்டி அந்த டீக்கடைகிட்ட நிப்பேன். நீங்க அந்த வழியாத்தான வருவீக? அப்படியே ஏறிக்கிறேன்."

சூரியா தொண்டையைச் செருமினான்.

"அக்கா, அது வந்து... அஞ்சு சீட்டு வண்டிதான்க்கா கெடச்சது. நான், அஸ்வினி, மாமா, அத்தை, மச்சான். சரியாப் போச்சு."

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடும் சத்தம் நின்றது.

"அதுவுமில்லாம நாங்க திருவாதவூர் வழியா வாரோம்க்கா. அந்தப் பக்கம் ஒருத்தருக்குப் பத்திரிகை குடுக்கணும்."

மொட்டை அன்றைக்குக் காலையில் யாருக்குப் பத்திரிகை கொடுப்பார்கள் என்று அக்கா கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவன் இன்னொரு பொய்யைத் தேடியிருப்பான். அந்தச் சிரமத்தை அவள் அவனுக்கு வைக்கவில்லை.

"அப்படியா. சரிடா, நான் பஸ்ல வந்துர்றேன். விலக்குல எறங்கி நடந்தா ரெண்டு கிலோமீட்டர்தான. எனக்காக மொட்டைய நிறுத்தி வைக்காதீக. நல்ல நேரம் ஒம்பதரைக்குள்ள."

"அக்கா, நீ இல்லாம எப்படி..."

"வந்துருவேன்டா. முந்தானைல ஏந்தணும்னே புதுச்சேலை எடுத்து வச்சிருக்கேன். அரக்குக் கலரு. பாப்பா முடி கருகருன்னு அதுல நல்லாத் தெரியும்."

அவர்கள் வீட்டு வழக்கம் அது. முதல் முடி தரையில் விழக் கூடாது. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார, அத்தைக்காரி முந்தானையை விரித்து ஏந்த வேண்டும். சூரியாவின் முதல் முடியை அவன் அப்பாவின் தங்கை ஏந்தினாள். பாப்பாவுக்கு அத்தை என்று உலகத்தில் இருப்பது செல்லத்தாய் ஒருத்திதான்.

போனை வைத்த பிறகும் சூரியா வெயிலிலேயே நின்றான். முகம் எரிந்தது. வெயிலால் என்று சொல்லிக்கொள்ள அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஐந்து சீட்டு வண்டிதான் கிடைத்தது என்பதும் பொய். ஏழு சீட்டு வண்டியும் பட்டியலில் இருந்தது. ஆறு பேர் என்று எண்ணிவிட்டு, பிறகு அதை ஐந்தாக்கி, ஐந்துக்கு ஏற்ற வண்டியைப் பதிந்தவன் அவனேதான்.

கீழே வந்ததும் அஸ்வினி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"மதினிய எங்க ஏத்திக்கிறோம்?"

"பஸ்ல வாராங்களாம்."

"அவங்களா சொன்னாங்களா, நீங்க சொல்ல வச்சீங்களா?"

"உங்க அப்பா அம்மா முன்னால சங்கடப்படக் கூடாதுன்னுதான்..."

"யாரு சங்கடப்படுறது? மதினியா, நீங்களா?" பாப்பாவை அவன் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். பாப்பா அப்பாவின் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. அதற்கு என்ன தெரியும், பாவம்.

நாலு மணிக்கு மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் இருந்த அந்த வாடகைக் கார் நிலையத்துக்கு மாமனாரும் கூடவே வந்தார். கண்ணுச்சாமி, ஓய்வுபெற்ற பதிவுத்துறை எழுத்தர். ஒரு கையெழுத்து போடுவதென்றாலும் மூன்று முறை படித்துப் பார்க்கிற ஆள்.

"நீங்க ஓட்டுங்க மாப்ள, நான் பேப்பரைப் பாத்துக்கிறேன்" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் அழகுபாண்டி காரைச் சுற்றிக் காட்டினான். இருக்கிற கீறல்களை எல்லாம் போனில் படம் எடுக்கச் சொன்னான். கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து. வாடகை வண்டி என்று ஊருக்கே சொல்லும் நம்பர் பிளேட். அதைப் பார்த்தும் சூரியா கூசவில்லை. அவன் கூச்சமெல்லாம் வேறு ஓரிடத்துக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

"அண்ணே, டேக்குல பணம் போட்டிருக்கேன். டோல்ல தானாப் படிச்சிரும். திரும்பி வந்ததும் எத்தனை டோலுன்னு பாத்துக் கழிச்சுக்கலாம்."

"டோல் பக்கமே போகல. வேற பாதை போட்டிருக்கேன்."

"எங்கண்ணே போறீக?"

சொன்னான். அழகுபாண்டி சிரித்துவிட்டான்.

"மேலூருக்கா? அதுக்கு எதுக்குண்ணே டோலுக்குப் பயந்து திருவாதவூரச் சுத்துறீக? ரோடு வேற தோண்டிப் போட்டிருக்கான். கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு ரொம்பக் குலுங்கும்ணே."

மாமனார் கண்ணாடிக்கு மேலாக மருமகனைப் பார்த்தார்.

சூரியாவுக்கு வியர்த்தது. அந்த நேரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னான். "அந்த டோல்ல இருக்கறதுக மரியாதை தெரியாததுக. எதுக்கெடுத்தாலும் சண்டை. குடும்பத்தோட போகும்போது அதுக மூஞ்சில எதுக்கு முழிக்கணும்?"

சொல்லி முடித்த மறுகணமே அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தச் சம்பளத்தில்தான் அவனுடைய கடைசி இரண்டு செமஸ்டர் ஓடியது. அதுக, இதுக என்கிறான்.

அழகுபாண்டி விட்டபாடில்லை. "அதை விடுங்கண்ணே. ஒரு நல்ல சேதி. நீங்க கேட்ட வண்டி அஞ்சு சீட்டு. ஏழு சீட்டு ஒண்ணு புக் பண்ணவங்க வேணாம்னுட்டாங்க, சும்மா நிக்குது. அதே வாடகைக்குத் தாரேன், எடுத்துக்கோங்க. கால நீட்டி உக்காந்து போகலாம்."

"வேணாம்."

"அண்ணே, ஒரு ரூபா கூடக் கிடையாது."

"வேணாம்னு சொல்றேன்ல!"

குரல் எதிர்பார்த்ததைவிட உரக்க வந்துவிட்டது. வண்டி துடைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். அழகுபாண்டி சாவியை நீட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டான். கண்ணுச்சாமி மூன்று முறை படித்த பேப்பரை நான்காவது முறையாகப் படித்தார்.

காரில் ஏறியதும் சூரியா போனை வண்டியோடு இணைத்தான். திரையில் அதே நீலக்கோடு, திருவாதவூரைச் சுற்றிக்கொண்டு. இன்ஜினைக் கிளப்புவதற்குள் வண்டி முழுக்க மணி அடித்தது. திரையில் 'அக்கா' என்று வந்தது.

அதை நிறுத்தப் போய் எதையோ அழுத்தினான். வண்டியின் நாலு மூலையிலிருந்தும் செல்லத்தாயின் குரல் கேட்டது.

"தம்பி, பஸ்ஸு நேரம் கேட்டுட்டேன். எட்டரைக்கு ஒண்ணு இருக்காம். அதுல ஏறுனா..."

"அக்கா, மாமா பக்கத்துல இருக்காங்க" என்றான் அவசரமாக.

ஒரே ஒரு வினாடிதான் ஆனது. அவள் குரல் மாறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல நிதானமாகப் பேசினாள்.

"வணக்கம் மாமா. சௌக்கியமா இருக்கீகளா? நான் ஆபீஸ்ல இருக்கேன். கொஞ்சம் கணக்கு முடிக்கிற வேலை. அதான் வீட்டுக்கு வந்து பாக்க முடியல, தப்பா நெனைக்காதீக."

அவளுக்குப் பின்னால் லாரி ஒன்று நீளமாக ஹாரன் அடித்தது. யாரோ ஒருத்தி, "அக்கா, மூணாவது லேன்ல டேக் படிக்கல, சீட்டுப் போடு!" என்று கத்துவதும் தெளிவாகக் கேட்டது.

"பரவாயில்லம்மா, வேலையப் பாரு" என்றார் கண்ணுச்சாமி.

இணைப்பு நின்றது. சூரியாவால் ஸ்டீயரிங்கை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அவனுடைய பொய்யை அவள் தூக்கிச் சுமந்த வேகம் அவனைக் கொன்றது. எத்தனை முறை ஒத்திகை பார்த்திருந்தால் அப்படி வரும்?

"மாப்ள" என்றார் மாமனார் மெதுவாக. "எனக்குத் தெரியும்."

சூரியா திரும்பினான்.

"வளைகாப்புக்கு வாடகைக் கார்ல வந்தோம் பாருங்க, அன்னைக்கே பாத்துட்டேன். எங்க வண்டி டேக் படிக்கல. காசு வாங்க அந்தப் புள்ளதான் கைய நீட்டுச்சு. என்னையப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. நானும் வேற பக்கம் பாத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் நாலு தடவ வந்தாச்சு. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்."

இனி என்ன வரப்போகிறது என்று சூரியா காத்திருந்தான். திட்டுவார், ஏன் மறைத்தாய் என்று கேட்பார். கேட்டால் நல்லது. காலில் விழுந்துவிடலாம், அழுதுவிடலாம், நாளை காலை அக்காவைக் கூட்டிக்கொண்டு தலை நிமிர்ந்து கோவிலுக்குப் போகலாம்.

கண்ணுச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க அத்தைக்குத் தெரியாது. என் தம்பிமார்கிட்ட பேங்குல கேஷியர்னே சொல்லி வச்சிருக்கேன். நாளைக்கு அவங்களும் கோவிலுக்கு நேரா வர்றாங்க. அதனால நீங்க போட்ட பாதையே நல்லது மாப்ள. நெனச்சுப் பாத்துத்தான் பண்ணியிருக்கீங்க."

அவர் பாராட்டினார். தன் மகளைக் கட்டிய மாப்பிள்ளை விவரமானவன் என்று தோளில் தட்டாத குறை.

இத்தனை நாளும் சூரியா அக்காவுக்காக, அஸ்வினிக்காக, பெரியவர்கள் மனசுக்காக என்று எத்தனையோ துணி போட்டுத் தன் கேவலத்தை மூடி வைத்திருந்தான். இன்னொருவர் வாயிலிருந்து அதே கேவலம் வெளியே வந்து, 'நல்லது மாப்ள' என்று சிரித்தபோதுதான் அதன் முகம் அவனுக்கு முழுசாகத் தெரிந்தது.

வண்டியைக் கிளப்பினான். ஒத்தக்கடை வந்தது. 'வலது பக்கம் திரும்புங்கள்' என்றது போன். அவன் திரும்பவில்லை.

"மாப்ள, நம்ம வீடு இந்தப் பக்கம் இல்லையே?"

"வண்டிய ஓட்டிப் பாக்கணும் மாமா. பத்து நிமிஷம்."

ஒரு கையால் திரையைத் தொட்டு அந்தப் பொத்தானை எடுத்துவிட்டான். வளைந்து நெளிந்த கோடு மறைந்து, நாலுவழிச்சாலை நேராக நீலமாயிற்று. கண்ணுச்சாமிக்குப் புரிந்துவிட்டது. "எதுக்கு மாப்ள இப்போ?" என்று கேட்டவர் சீட் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார்.

யானைமலை பின்னால் போனது. டோலின் மேற்கூரை தூரத்திலேயே தெரிந்தது. சூரியா மூன்றாவது லேனில் போய் நின்றான். முன்னால் இரண்டு வண்டிகள். மனசுக்குள் வசனம் தயாராகிக்கொண்டிருந்தது. எல்லார் முன்னாலும் அக்கா என்று கூப்பிட வேண்டும். நாளைக்கு எட்டேகாலுக்கு டீக்கடைகிட்ட நில்லு, நாங்க இந்த வழியாத்தான் வாரோம் என்று சொல்ல வேண்டும். ஏழு சீட்டு வண்டியை மாற்றி வாங்கிக்கொள்ளலாம். அழகுபாண்டியிடம் மன்னிப்புக் கேட்டால் போயிற்று.

அவன் முறை வந்தது. கண்ணாடியை இறக்கினான்.

கூண்டுக்குள் செல்லத்தாய். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, காதோரம் நரைத்த முடி. காலடியில் ஒரு துணிப்பை இருந்தது. அதன் வாயில் அரக்குக் கலர் எட்டிப் பார்த்தது. நாளைக்கு உடுத்த வேண்டியதை இன்றே கையோடு கொண்டுவந்துவிட்டாள்.

அவள் முதலில் வண்டியைப் பார்த்தாள். பிறகு முன் சீட்டில் இருந்தவரைப் பார்த்தாள். பார்த்ததும் முகத்தைக் கணினித் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இந்தப் பக்கம் கண்ணுச்சாமி ஜன்னலுக்கு வெளியே, பக்கத்து லேனில் நின்ற வைக்கோல் லாரியை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் சூரியா. இரண்டு முகங்களும் அவனுக்காகத்தான் திரும்பியிருந்தன.

டேக் படித்துவிட்டது. கட்டை மேலே எழுந்தது.

"அக்கா" என்றான்.

"படிச்சிருச்சு சார். கேட் தெறந்திருக்கு. போங்க."

சார்.

"அக்கா, நான்தான். நாளைக்கு..."

"பின்னாடி வண்டி நிக்குது சார்."

பின்னால் ஹாரன்கள் தொடங்கின. சூரியா ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். அவள் தன்னைப் பார்க்கும்வரை நகரப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டான். தான் செய்வது பெரிய காரியம் என்று அந்த நிமிடம் அவனுக்குத் தோன்றியது. கட்டை பாதி இறங்கி மறுபடி எழுந்தது. சிவப்பு விளக்கு சுழன்றது.

அப்போதுதான் அவள் திரும்பினாள். கண்ணெல்லாம் பயம்.

"டேய், வண்டிய எட்றா தம்பி" என்றாள் உதடு அசையாமல். "மேல கேமரா இருக்கு. போன வாரந்தான் இப்படி லேன் நின்னு போச்சுன்னு ஒரு புள்ளைய அனுப்பிட்டாக. என் வேல போயிரும்டா. கும்புடுறேன், போ."

அக்கா கை கூப்பி அவன் பார்த்ததே இல்லை. கருப்பு கோவிலில்கூட அவள் தீபத்தைத் தொட்டு ஒற்றிக்கொள்வாள், அவ்வளவுதான். இன்று அவனைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பிரேக்கை விட்டான். கார் ஒரு குதி குதித்துக் கட்டையைத் தாண்டியது. இத்தனை வருடம் அவளை மறைத்ததற்கும் அவள்தான் விலை கொடுத்தாள். இன்று அவன் துணிச்சலுக்கும் அவளே கொடுக்கப் போகிறாள்.

கண்ணாடியில் பார்த்தான். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் கையில் வாக்கி டாக்கியோடு மூன்றாவது கூண்டை நோக்கி வேகமாக நடந்து போய்க்கொண்டிருந்தான். செல்லத்தாய் எழுந்து நின்றாள். துணிப்பையைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினாள்.

"திருப்புங்க மாப்ள, திருப்புங்க" என்றார் கண்ணுச்சாமி. முதல் முறையாக அவரும் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவில் இடுப்புயரத் தடுப்புச் சுவர் ஓடியது. போன் அமைதியாக வழி சொன்னது. வண்டியைத் திருப்பும் இடம் நாலு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது.